தரை போடுவதற்கு முன்னால்

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெரியபட்டினத்து வீட்டுக்கு நீ அனுப்பிய பிளம்பிங் வரைபடத்தைப் பார்த்தேன். கக்கூஸ், குளியலறை, சமையலறை மூன்றையும் ஒரே 4 இஞ்ச் பைப்பில் சேர்த்து செப்டிக் டேங்குக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தரை போட்டு டைல்ஸ் ஒட்டிவிட்டால் அப்புறம் குளித்த தண்ணியைத் தென்னைக்குப் பிரிக்க முடியாது. கான்கிரீட் விழுவதற்குள் மாற்றச் சொல்.

கக்கூஸ் லைன் 4 இஞ்சில் தனியாகப் போகட்டும். குளியலறை, வாஷிங் மெஷின், தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளு செய்யும் இடம் மூன்றுக்கும் 3 இஞ்சில் இன்னொரு லைன், தென்னைக்கு. ஒளுத் தண்ணியில் சோப்பே கிடையாது, ஐந்து வேளையும் வரும். அதை வீணாக்கக் கூடாது. நாலு பேர் வாளியில் குளித்து, துணியும் துவைத்தால் நாளைக்கு 200 முதல் 300 லிட்டர் தேறும். கோடையில் நாலைந்து தென்னைக்குக் காணும்.

பைப்பின் வாட்டம், அதாவது சரிவு, அடிக்குக் கால் இஞ்ச். மரம் 40 அடி தள்ளியிருந்தால் 10 இஞ்ச் இறக்கம் வேண்டும். பைப்பின் வாய் பாத்தி மட்டத்துக்கு அரை அடி மேலே நிற்க வேண்டும். இதைக் கணக்குப் பண்ணித்தான் பேஸ்மட்டத்தை உயர்த்த வேண்டும். கொத்தனார் கண்மதிப்பில் சொல்வதை நம்பாதே, டியூபில் தண்ணி நிரப்பி மட்டம் பார்க்கச் சொல். நம் ஊர் போர்த் தண்ணியில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாய்த் திரளும். வாட்டம் குறைந்தால் அந்தப் பிசுக்கும் தலைமுடியும் பைப்பில் ஒட்டிக்கொள்ளும். திருப்பத்தில் 90 டிகிரி எல்போ வேண்டாம், 45 டிகிரி பெண்டு இரண்டு போடு. ஒவ்வொரு திருப்பத்திலும் திறந்து குத்திவிட ஒரு டோர் டீ இருக்கட்டும்.

வீட்டுக்கு வெளியே ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு சேம்பர், அதாவது தண்ணியைப் பிரித்துவிடும் சின்னத் தொட்டி. அதிலிருந்து இரண்டு வாய்: ஒன்று தோட்டத்துக்கு, ஒன்று செப்டிக் டேங்கைத் தாண்டியிருக்கும் உறிஞ்சுகுழிக்கு. வேண்டாத வாயை எண்ட் கேப் போட்டு அடைத்தால் போதும், விலை கூடிய வால்வு தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி மட்டம் மேலே ஏறி பாத்தியில் தண்ணி நிற்கும். அப்போது குழிப்பக்கம் திருப்பிவிடு. டேங்குக்குள்ளேயே விட்டால் வேகமாய்ப் பாயும் தண்ணி அடியிலிருக்கும் கசடையும் தள்ளிக்கொண்டுபோய்க் குழியை அடைத்துவிடும். சேம்பரின் அடிமட்டம் குழி வாயைவிட உயரத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் கழிவு எதிர்த்து வரும்.

தொட்டியில் சேர்த்து மோட்டார் போட்டு இறைக்கலாம் என்று பிளம்பர் சொல்வார். வேண்டாம். குளித்த தண்ணி ஒரு நாளுக்கு மேல் நின்றால் நாறும், கொசுவும் வரும். நேரே வேருக்குப் போகட்டும்.

தூரிலிருந்து நாலடி தள்ளி, ஒரு அடி ஆழத்தில் வட்டமாக வாய்க்கால் வெட்டி, அரை அடிக்குத் தேங்காய் உரிமட்டை பரப்பு. சோப்புப் பிசுக்கு மட்டையிலேயே தங்கி மக்கிவிடும். மட்டை கரைந்தால் புதிதாய்ப் போடு. பைப் வாய் மண்ணைத் தொட்டால் வேர் உள்ளே நுழைந்துவிடும். வாயில் வலை கட்டாதே, நாலே நாளில் அடைக்கும். ஜல்லடை குளியலறைத் தரையில் தண்ணி இறங்கும் டிராப்பில்தான் இருக்க வேண்டும். மணல் பூமி தண்ணியை வடிகட்டாமல் கீழே இறக்கிவிடும், ஆகையால் கிணற்றுக்கும் பாத்திக்கும் 50 அடியாவது இடைவெளி விடு.

சோப்புத்தூளில் உப்பு அதிகம். ஏற்கெனவே உவர்த் தண்ணி, அதன்மேல் இதுவும் சேர்ந்தால் வாழை இலை ஓரம் கருகும். தென்னை தாங்கும், வாழையும் எலுமிச்சையும் தாங்காது. லிக்விட் சோப்பு வாங்கு. போராக்ஸ், பிளீச்சிங், ஆசிட் எதுவும் இந்த லைனில் இறங்கக் கூடாது. கீரை, கிழங்குக்கு இந்தத் தண்ணியைக் காட்டாதே. பிள்ளையின் மூத்திரத் துணியை முதலில் கக்கூஸில் அலசிவிட்டுத்தான் மெஷினில் போட வேண்டும். குடிதண்ணி சுத்தம் பண்ணும் ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணியில் உள்ளே போனதைவிட உப்பு கூடுதல். வாளியில் பிடித்துக் கக்கூஸுக்கு ஊற்று.

சமையலறைத் தண்ணியில் எண்ணெயும் மீன் செதிலும் வரும். அதை செப்டிக் டேங்கிலேயே சேர், நடுவில் எண்ணெய் பிடிக்க ஒரு சின்னத் தொட்டி வைத்து மாதம் ஒரு தடவை அள்ளிப்போடு. அரிசி கழுவிய கழுநீரை உம்மா வாளியிலேயே செடிக்கு ஊற்றிக்கொள்வாள். மாடியிலிருந்து வரும் மழைத்தண்ணிக் குழாயை இதில் எதோடும் சேர்க்காதே.

தரை போடுவதற்கு முந்தின நாள் பைப் வாய்களை அடைத்து, தண்ணி நிரப்பி ராத்திரி முழுக்க விடச் சொல். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எந்த ஜாயிண்ட் கசிகிறது என்று பார்த்து ஒட்டிவிட்டுத்தான் கான்கிரீட். மூடுவதற்குள் ஒவ்வொரு பைப்பும் சுவரிலிருந்து எத்தனை அடி என்று டேப் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு.

வஸ்ஸலாம்.
வாப்பா