மழைக்கும் பெர்மிட்

ஓக்லாண்ட்
ஜனவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம். பதில் போடாதது தப்புதான். நான் நல்ல சுகம். மழைத்தண்ணிக்குக்கூடவா பெர்மிட் என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம். பழைய இரும்பையும் டீசல் சிந்திய முற்றத்தையும் கழுவிக்கொண்டு வளைகுடாவில் கலந்தால் அந்தத் தண்ணிக்கு ஆலைக்காரர்தான் பொறுப்பு. கலிபோர்னியாவில் 2015 ஜூலையில் அமலுக்கு வந்த, ஆலைகளின் மழைத்தண்ணிக்கான பொது பெர்மிட் அப்படித்தான் சொல்கிறது.

டிசம்பருக்குள் இரண்டு மழை, ஜூனுக்குள் இரண்டு மழை சாம்பிள் எடுக்க வேண்டும். அதற்கு முந்தைய 48 மணி நேரம் எந்த வடிகாலிலும் தண்ணீர் வெளியேறியிருக்கக் கூடாது. தண்ணீர் ஓடத் தொடங்கி நாலு மணி நேரத்துக்குள் பிடிக்க வேண்டும். ராத்திரியே பெய்துவிட்டால், காலையில் ஆலை திறந்து நாலு மணி நேரத்துக்குள். எண்ணெய் அளவு பார்க்கிற கண்ணாடி பாட்டிலை அலசக் கூடாது, வேறு பாத்திரத்தில் பிடித்து ஊற்றவும் கூடாது. எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொண்டு கணக்கு குறைந்துவிடும். தண்ணி சேரும் குழியின் அடியைக் கிளறினாலோ வண்டல் ஏறிக் கணக்கு எகிறும். பிஹெச், அதாவது தண்ணியின் அமிலத்தன்மை, அங்கேயே 15 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும்.

வருட சராசரிக்கு எல்லை உண்டு: வண்டல் லிட்டருக்கு 100 மில்லிகிராம், எண்ணெய் 15, துத்தநாகம் பார்க்க வேண்டிய ஆலைக்கு 0.26. தாண்டினால் அக்டோபர் 1க்குள் காரணம் தேடி, ஜனவரி 1க்குள் அறிக்கை. துத்தநாகத்தில்தான் பலர் மாட்டுவார்கள். முற்றத்தை எத்தனை பெருக்கினாலும் குறையாது. குற்றவாளி தலைக்கு மேலே இருக்கும், துத்தநாகம் பூசிய தகரக் கூரை. பெயின்ட் அடித்தால்தான் அடங்கும்.

மேல்வீட்டுத் தாத்தா மேகம் கறுத்தாலே கதவைத் தட்டி, "பாட்டில் ரெடியா?" என்பார். வாரத்தில் என்னிடம் பேசுவது பெரும்பாலும் அவர்தான். நல்ல மனுஷர்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. ரசம் நானே வைக்கிறேன். ரூம் மாறிவிட்டேன், சின்னதுதான், வெளிச்சம் வரும். பேங்க்கில் ஏதோ தாமதம், இந்த மாதப் பணம் இருபதாம் தேதிக்கு மேல் வரும்.

நேற்று ஒரு கூரைக் குழாய்க்குக் கீழே பாட்டிலைப் பிடித்து நிற்கும்போது, அம்மா தாழ்வாரத்தில் அண்டா வைத்து "தள்ளுடா, முதல் தண்ணி அழுக்கு, போகட்டும்" என்பாளே, அந்தக் குரல் கேட்டது. இங்கே எனக்கு அந்த முதல் தண்ணிதான் வேண்டியிருக்கிறது. கொஞ்ச நேரம் கண் தெரியவில்லை, மழைதான்.

கிணற்று மோட்டார் காயிலைக் கட்டக் கொடுத்தீர்களா? கோமதிக்கு வளைகாப்பு எந்தத் தேதி? மேற்குக் காட்டுக்கு வில்லங்கச் சான்று கையில் வராமல் சித்தப்பா எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். மாமா அவசரப்படுத்தினாலும்.

உங்கள் அன்பு மகன்