மண்ணில் நெளியும் முட்கூட்டை நசுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் சமூகத் தோட்டங்களில் பாத்தி கிளறும்போதும், மட்கிய மரக்கட்டையைப் புரட்டும்போதும் பழுப்பு நிறத்தில், முள்ளும் மயிருமாக ஏதோ ஒன்று வயிற்றைச் சுழற்றி நெளிவதுண்டு. பலர் அதைப் பயிரைக் கெடுக்கும் பூச்சி என்று எண்ணி அங்கேயே நசுக்கிவிடுகிறார்கள். அது கொள்ளைக்கார ஈயின் கூட்டுப்புழுவாக இருக்கலாம். ராபர் ஃபிளை எனப்படும் இந்த ஈக் குடும்பத்தில் 7,000க்கும் அதிகமான இனங்கள் உள்ளன. வளர்ந்த ஈ மற்றப் பூச்சிகளைப் பறக்கும்போதே பிடித்து உண்ணும். மண்ணிலும் மட்கிய மரத்திலும் வாழும் அதன் புழுக்களில் பல, வண்டுப்புழுக்களை இரையாக்குகின்றன. தோட்டக்காரர் காப்பாற்ற வேண்டிய உயிர் இது.

கூட்டுப்புழு என்றதும் நம் பிள்ளைகளுக்கு வண்ணத்துப்பூச்சியும், டெங்கி விழிப்புணர்வால் கொசுவும்தான் நினைவுக்கு வரும். வீட்டு ஈயின் கூடு கடைசிப் புழுத்தோலே இறுகிப்போன ஒரு சிறு பீப்பாய். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. கொள்ளைக்கார ஈக்கு அப்படி மூடிய கூடு கிடையாது. உணர்கொம்பு, கால், இறக்கை ஒவ்வொன்றும் தனித்தனி உறைக்குள் உடலோடு ஒட்டியிருப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி போதும்.

முகத்திலிருந்து தொடங்குங்கள். நெற்றியில் தடித்த, கருத்த முள் ஒரு சோடி முன்னோக்கி நிற்கும். அதற்குச் சற்றுக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முட்கொத்துகள். பெரும்பாலும் கொத்துக்கு மூன்று முள், அடியில் இணைந்திருக்கும். கலப்பையின் கொழுவைப் போல மண்ணைப் பிளந்து வழி திறப்பவை இவைதான். முகத்தின் நடுவே கீழ்நோக்கி இறங்குவது உறிஞ்சுகுழலின் உறை. மார்பில் தலையை ஒட்டிப் பக்கத்துக்கு ஒரு சுவாசத்துளையும், பல இனங்களில் இறக்கையின் அடியருகே சில முட்களும் இருக்கும்.

வயிற்றைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதில் ஒன்பது கண்டங்கள், அதாவது வளையம் போன்ற பகுதிகள், இருக்கும். முதுகுப் பக்கம் ஒவ்வொரு கண்டத்தையும் குறுக்காகச் சுற்றி ஒரு முள்வரிசை ஓடும். பல இனங்களில் நெட்டை முள்ளும் குட்டை முள்ளும் மாறி மாறி வரும். அடிப்பக்கத்தில் மெல்லிய மயிர்கள். முதல் ஏழு கண்டங்களின் பக்கவாட்டில் சுவாசத்துளைகள். கடைசிக் கண்டம் கூரிய முளைகளில் முடியும். முட்கள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் உடலை முறுக்கும் ஒவ்வொரு தடவையும் அது முன்னே நகரும், பின்னே சரியாது. இப்படி ஏறி, பாதி உடல் மண்ணுக்கு மேலே வந்ததும் நின்றுவிடும். முதுகுத்தோல் பிளக்க, ஈ வெளியேறும். மண்ணுக்குள் இருக்கும் முட்கள் கூட்டைப் பற்றிக்கொள்வதால்தான் ஈயால் காலை உருவி எடுக்க முடிகிறது.

கையில் கிடைத்ததைத் தவறாக அடையாளம் காண்பதும் எளிது. மரத்தில் ஒட்டியிருக்கும் சில்வண்டுத் தோலில் ஆறு கால்களும் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். இதில் கால்கள் உடலோடு ஒட்டியவை. குதிரை ஈயின் கூட்டுப்புழுவுக்கு முகத்தில் இந்தத் தடித்த முட்கள் இருக்காது, வால்நுனியில் ஆறு கூர்முனைகள் இருக்கும். தேனீயைப் போலத் தோன்றும் தேனீ ஈக்கும் முகமுள் உண்டு. ஆகவே முகத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். முதுகின் முள்வரிசையையும் பாருங்கள்.

பாத்தியில் கிடைத்ததை அதே இடத்தில், தலை மேலாக, மண்ணில் நிறுத்தி மூடிவிடுவதே நல்லது. ஈ வெளிவருவதைப் பார்க்க விரும்பினால் ஒரு டப்பாவில் எட்டுப் பத்து செண்டிமீட்டர் உயரத்துக்கு அதே மண்ணை இலேசாக அழுத்தி நிரப்பி, அதில் நிறுத்துங்கள். உணவு வேண்டாம், அது எதையும் உண்ணாது. மண் பொலபொலவென்று இருந்தால் முட்களுக்குப் பிடி கிடைக்காமல் கூடும் ஈயோடு இழுபட்டு வரும். காய்ந்துபோனால் தோல் இறுகி இறக்கை உள்ளே சிக்கிக்கொள்ளும். நீர் தேங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சணம்தான் பெரிய தொல்லை. எனவே பிளாஸ்டிக் மூடிக்குப் பதிலாக வலைத்துணி கட்டுங்கள். சொரசொரப்பான குச்சி ஒன்றையும் நட்டுவையுங்கள். வெளிவந்த ஈ ஏறித் தொங்க இடமில்லாவிட்டால் இறக்கை சுருங்கியபடியே காய்ந்துவிடும். இறக்கை விரிந்து நன்கு இறுகிய பிறகு ஈயைத் திறந்து விடலாம். கையால் பிடித்தால் குத்தும், கவனம்.

புக்கிட் தீமா, மெக்ரிட்சி போன்ற காட்டுப்பகுதிகளில் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி எந்த உயிரையும் எடுக்கக்கூடாது. அங்கே முகம், பக்கம், முதுகு, வால்நுனி என நான்கு படங்கள் எடுங்கள், அளவுகோலும் படத்தில் தெரியட்டும். முகமுள் தெளிவாக இல்லாத படத்தை வைத்து எவராலும் உறுதியாக எதுவும் சொல்ல இயலாது.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் வண்ணத்துப்பூச்சிக் கூட்டின் படத்தோடு இந்த முட்கூட்டின் படத்தையும், உறுப்புகளைக் குறித்து, வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பூச்சியியல் ஆர்வலர்கள் சிலர்,
ஈசூன்