வயிற்றுக்குள் மத்தளம்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள நண்பா,

உனக்குப் பேரன் பிறந்த செய்தியைப் படித்ததும் வீட்டில் கேசரி கிண்டினார்கள். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு கரண்டி. இனிப்புநீர்க்காரனுக்கு, அதான் சர்க்கரை வியாதிக்காரனுக்கு, அதுவே அதிகமாம்.

பச்சைக் காய் தின்றால் வயிறு உப்புகிறது, இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று எழுதியிருந்தாய். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி ஒரு தட்டுப் படத்தைக் காட்டி, மலாயில் 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்றார், அதாவது கால், கால், அரை. கால் தட்டு சோறு, கால் தட்டு மீன் கோழி, மீதி அரைத் தட்டு காய் பழம். எல்லாக் காயையும் பச்சையாகத் தின்னச் சொல்லவில்லை அவர். அது என் சொந்த மூளை. முட்டைக்கோஸ், பயத்தங்காய், பெரிய வெங்காயம், எல்லாவற்றையும் நறுக்கி மறுநாளே ஒரு மங்கு நிறையத் தின்றேன்.

மூன்றாம் நாள் கோயில் கமிட்டிக் கூட்டம். பொருளாளர் கணக்கு வாசிக்கிறார், ஊசி விழுந்தால் கேட்கும். அந்த நேரம் பார்த்து என் வயிறு உருண்டது பார், தலைவர் மழையோ என்று ஜன்னலை எட்டிப் பார்த்தார்!

மூத்தவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள் அல்லவா, அவள்தான் விளக்கினாள். காயிலுள்ள நாரைச் செரிக்கும் சரக்கு மனுஷ உடம்பில் கிடையாதாம். அது அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்கே இருக்கிற கிருமிகள் அதைப் புளிக்க வைத்துத் தின்னும். காற்று அதில் வருவது. வேகவைத்த காய் மெத்தென்று ஆகிவிடும், பச்சைக் காயை நம் பல்தான் அரைக்க வேண்டும். வெங்காயத்தில் இருக்கும் ஒருவகை மாவுச்சத்தும் அப்படித்தான், செரிக்காமல் நேரே கிருமிக்குப் போய்விடும். வெங்காயத்தை நிறுத்தியதுமே எனக்குப் பாதி தொல்லை விட்டது. இன்னொன்று, இனிப்புநீருக்குச் சாப்பிடுகிற மெட்ஃபோர்மின் மாத்திரையும் சிலருக்கு வயிற்றைப் புரட்டும், காற்றும் சேரும். நான் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தேன்! இப்போது சோற்றோடுதான்.

ஆனால் பெரிய குற்றவாளி பல்தான். யோசித்துப் பார். கித்தா காட்டில், அந்த ரப்பர்த் தோட்டத்தில், நாம் எப்போது மென்று தின்றோம்? மரம் சீவி முடித்து, பால் இறங்குகிற நேரத்தில் தூக்குச்சட்டியைத் திறப்போம். வானம் கறுத்தால் அதுவும் போச்சு. நின்றுகொண்டே நாலு வாய் விழுங்கிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். காடு போய்ச் செம்பனை வந்து, நமக்கும் வயசாகிவிட்டது. அந்த ஓட்டம் மட்டும் வாயை விட்டுப் போகவில்லை. அவசரமாக விழுங்கினால் காற்றையும் சேர்த்து விழுங்குகிறோமாம்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக்கைப் பார்த்துத்தான் திருந்தினேன். தினமும் உலாம், அதாவது பச்சைத் தழை, இல்லாமல் அவர் சோறு தின்னமாட்டார். பெகாகா என்பார், நம் வல்லாரைதான். அப்புறம் உலாம் ராஜா என்று ஒரு தழை. எவ்வளவு என்கிறாய்? ஒரு கைப்பிடி. ஒவ்வொரு தழையாகச் சம்பாலில் தொட்டு, சுடுசோற்றோடு, ஊர்க்கதை பேசிக்கொண்டே மெல்லுவார். நான் தின்று முடித்துக் கை கழுவும்போது அவர் தட்டில் பாதி இருக்கும்.

அதனால் முதல் வாரம் இரண்டு கரண்டி துருவிய கேரட், அவ்வளவுதான். அடுத்த வாரம் வெள்ளரிக்காயைத் தோல் சீவி, தயிரில் போட்டு, கடுகும் பெருங்காயமும் தாளித்துப் பச்சடி. அம்மா செய்தது இதைத்தானே, நாம்தான் சாலட் என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டோம். முட்டைக்கோஸை மெல்லிசாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிசைந்து, வந்த தண்ணீரைப் பிழிந்துவிட்டுத்தான் தொடுகிறேன். பயத்தங்காய் இப்போதெல்லாம் வெந்நீரில் ஒரு முக்கு. தண்ணீரும் கூடக் குடிக்கிறேன். இல்லாவிட்டால் நார் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். இரண்டு மாதமாச்சு, கமிட்டிக் கூட்டத்தில் நிம்மதியாக உட்காருகிறேன். வாடை அடிக்கிற பெத்தாய்க் கொட்டையை மட்டும் இன்னும் விடமுடியவில்லை. அது வேறு கதை, வீட்டுக்காரியைக் கேள்.

ஒன்று மட்டும். நீ இளைத்துப்போனதாகவும் எழுதியிருக்கிறாய். காற்று வேறு, இது வேறு. உப்புசத்தோடு எடையும் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, காய்மேல் பழியைப் போட்டுக்கொண்டு உட்காராதே. உடனே டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

தீபாவளிக்கு வருகிறாய்தானே? வேலியில் சிறகவரை காய்த்துத் தொங்குகிறது. வெங்காயம் போடாமல் செய்து தருகிறேன்.

உன் பழைய நிரைக்காரன்