பட்டையை மாட்டினாயா?

சிவமயம்

காரைக்குடி

தம்பிக்கு,

"ஹெல்மெட்தான் போடுறேனே" என்று போனில் சொன்னாய். ஹெல்மெட்டால் தலைக்காயம் 69 சதவீதமும் சாவு 42 சதவீதமும் குறைவதாக, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் சொன்னார்கள். மீதியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பல நேரம் குற்றம் ஹெல்மெட்டின் தாடைப் பட்டையில். மாட்டாமலோ தொளதொளவென்றோ விட்டால், முதல் அடியிலேயே ஹெல்மெட் கழன்று ஓடிவிடும். தலை தனியாகத்தான் தரையில் மோதும். பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும். மாட்டியபின் பிடரிப் பக்கமிருந்து மேலே தள்ளிப் பார். முன்னால் உருண்டு வந்தால் அளவு பெரிது. பாதி முகம் மூடுகிற ரகம் தாடையைக் காப்பாற்றாது. அங்கே வாங்கும் அடி மண்டையோட்டின் அடி எலும்பு வரை போகும். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததை விற்கவே கூடாது. ரோட்டோரத்தில் விற்பதைச் சொல்ல வேண்டுமா!

நல்ல ஹெல்மெட்டுக்கும் எல்லை உண்டு. தண்ணீர்க் குடத்தைச் சட்டென்று திருப்பினால் குடம் திரும்பும், தண்ணீர் பின்தங்கும். தலை சுழன்று விழும்போது மூளைக்கும் அதே கதி. உள்ளே நரம்பிழைகள் அறும்; முதல் ஸ்கேனில் தெரியாமலும் போகும். முழங்காலுக்குக் கீழே எலும்போ தோள்பட்டைக் காறை எலும்போ முறிவது, தோளும் கழுத்தும் எதிரெதிராக இழுபட்டுக் கை செயலற்றுப் போவது, இவை ஹெல்மெட்டின் கணக்கிலேயே இல்லை. அவற்றுக்கு வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

யாராவது விழுந்து கிடந்தால் ஹெல்மெட்டைப் பிடுங்காதே, சோடா கொடுக்காதே, 108-ஐக் கூப்பிடு. மூச்சு திணறினாலோ வாந்தி வந்தாலோ மட்டும் கழற்று. ஒருவர் தாடையையும் பிடரியையும் அசையாமல் தாங்க, இன்னொருவர் பக்கங்களை விரித்து மெல்ல உருவ வேண்டும். நீயே விழுந்து எழுந்தாலும் ஒரு நாள் தனியே படுக்காதே. தலைவலி ஏறினாலோ, வாந்தி வந்தாலோ, தூக்கம் அசத்தினாலோ, மூக்கிலோ காதிலோ தண்ணீர் கசிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

பிள்ளையார் நோன்புக்குத் திருச்சியிலிருந்து வண்டியில்தான் வருவாய், தெரியும். திருமயம் தாண்டினால் இருட்டில் மாடு நிற்கும். ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியை மாற்றிவிட்டு வா. அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளத்தாலும் உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும், மறுபடி தாங்காது. அதை யாருக்கும் கொடுத்துவிடாதே. பட்டையை அறுத்துக் குப்பையில் போடு.

அப்பச்சி