அந்தச் சிவப்பு மோனோரயில் பற்றி

அன்பு மகளுக்கு,

டிஸ்னிலாண்டில் அந்த மோனோரயில் தூணடியில் ஏன் அவ்வளவு நேரம் நின்றீங்கள் என்று போனில் கேட்டாய். அன்றைக்குச் சின்னவன் ஒரே அழுகை, ஆறுதலாகச் சொல்ல முடியவில்லை.

இரத்மலானை ரயில்வே வேலைத்தளத்தில் சில்லோடும் தண்டவாளத்தோடும் காலம் போக்கியவனுக்கு, இரும்போடு இரும்பு உராயாமல் ஒரு கோச்சி தலைக்கு மேலே வருவதென்றால் பார்க்காமல் நகர முடியுமா? ஒற்றைக் கொங்கிரீட் உத்தரம், அதன் மேலே பாரத்தைத் தாங்கும் ரப்பர் டயர்கள், அது மட்டும் போதாது என்று உத்தரத்தின் இரண்டு பக்கத்தையும் அணைத்தபடி படுக்கையாகச் சுழலும் வேறு டயர்கள். வண்டி சரியாமல் நிற்பது அந்தப் பக்க டயர்களால்தான். உடல் தகடு கீழே இறங்கி அவற்றை மறைத்துவிடும், அதனால்தான் குனிந்து குனிந்து பார்த்தேன்.

அந்தப் பாதை 1959 ஜூனில் திறந்தது. முதல் வண்டிக்கு உருவம் கொடுத்தவர் டிஸ்னியின் வடிவமைப்பாளர் பாப் கர். இடையில் எத்தனையோ மாற்றங்கள் வந்தாலும், 2008இல் புதிதாகச் செய்தபோது அந்தப் பழைய நீண்ட மூக்கின் சாயலையே திரும்பக் கொண்டுவந்தார்கள், எனக்கு அது மிகவும் பிடித்தது. உள்ளே ஆசனங்களை நடுவில் வைத்து யன்னல் பக்கம் திருப்பியிருந்தார்கள், கவனித்தாயா? வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும்போது கடல் பக்க இடத்துக்காக நீயும் அண்ணாவும் பிடித்த சண்டை! டிஸ்னிலாண்டிலோ, நீர்மூழ்கிகள் ஓடும் குளத்துக்கு மேலே போகும்போது ஒருவரும் கழுத்தை முறிக்க வேண்டியிருக்கவில்லை. வண்டி கட்டியவன் பயணியின் கண்ணையும் நினைத்திருக்கிறான்.

அது விளையாட்டுச் சாமான் இல்லை, பிள்ளை. ஒற்றை உத்தரத்தை அணைத்து ஓடும் இதே முறையில்தான், அல்வெக் என்ற ஜெர்மன் நிறுவனம் உருவாக்கியது, டோக்கியோவில் 1964இலிருந்து விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றுகிறார்கள். இங்கே கொழும்பில் மாலபேயிலிருந்து கோட்டைக்கு ஜப்பான் கடனில் வர இருந்த இலகு ரயில் 2020இல் நின்றுபோனது, அது மோனோரயில் இல்லைதான், ஆனாலும் காலி வீதியில் பஸ்ஸுக்குள் நசுங்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சரி, அடுத்த முறை போனால் சின்னவனைத் தூக்கி அந்த உத்தரத்தின் பக்கத்தைக் காட்டு. கறுப்பாக டயர் ஓடிய தடம் தெரிந்தால் வீடியோ எடுத்து அனுப்பு. அம்மா மிளகாய்த்தூள் வறுத்து இடித்து வைத்திருக்கிறா, இந்தக் கிழமை பார்சல் போடுகிறோம்.

அன்புடன்,
அப்பா