நஞ்சை மனைப்பிரிவுகளால் அடைபடும் வாய்க்கால், வடிகால்களைக் காக்கக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தஞ்சாவூர்.

அனுப்புநர்: கடைமடைப் பாசன விவசாயிகள்.

பொருள்: நஞ்சையை மனையாக்க அனுமதிக்கும் முன், பட்டா நிலத்துக்குள் ஓடும் வாய்க்கால், வடிகால்களை அளந்து பதிவு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

2020ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றை டெல்டாவுக்குள் புதிதாக வரவிடாமல் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் மனைப்பிரிவு இல்லை. சாலையோர நஞ்சை ஐந்து ஏக்கர், பத்து ஏக்கராகக் கைமாறி மனையாகிறது. விற்பவரை நாங்கள் குறை சொல்லவில்லை. விற்ற ஐந்து ஏக்கருக்காக, அதற்குக் கீழே விற்காமல் கிடக்கும் நிலமெல்லாம் பாசனமும் வடிகாலும் இழக்கிறதே, அதைத் தடுக்கத்தான் இந்த மனு.

ஆறும் பெரிய வாய்க்கால்களும் புறம்போக்காகப் புல வரைபடத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து பிரியும் வயல் வாய்க்கால்கள் பல பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுகின்றன. சில இடங்களில் வாய்க்காலே கிடையாது. மேல் வயலின் வாமடையை, அதாவது வரப்பில் தண்ணீர் விடும் திறப்பை, திறந்தால்தான் கீழ் வயலுக்குப் பாயும். இவை வரைபடத்தில் ஏறாததால், மனைப்பிரிவுக்கு வரைபடம் போடுபவருக்கு அங்கே வாய்க்கால் இருப்பதே தெரிவதில்லை. கோடையில் தணிக்கைக்கு வரும் அலுவலர் கண்ணிலும் புல் மண்டிய பள்ளம்தான் படும்.

வாய்க்காலை விட்டுவைக்கும் இடத்திலும் குழாயில் கோளாறு வருகிறது. நான்கடி அகலம், இரண்டடி ஆழமுள்ள வாய்க்காலின் குறுக்குப் பரப்பு 8 சதுர அடி. மனைச் சாலைக்காக அதில் ஓரடி விட்டமுள்ள சிமெண்ட் குழாயைப் பதித்தால் வழி முக்கால் சதுர அடிதான், அதாவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் வாய்க்காலின் தரைமட்டத்துக்கு மேலே தூக்கிப் பதித்துவிடுவதால் முன்பக்கம் வண்டல் நிற்கிறது. ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் வாயை அடைக்கின்றன. உள்ளே மண்வெட்டி நுழையாது, தூர்வார வழியில்லை.

பாசனத்தைவிட வடிகால் அடைபடுவதுதான் பெரிய சேதம். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை என்றால் சுமார் 40,000 லிட்டர். 10 செ.மீ. பெய்தால் ஐந்து ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர். வயலாக இருந்தவரை அதில் பெரும்பகுதி வரப்புக்குள் தங்கி மெல்ல வடிந்தது. மூன்றடி கிராவல் கொட்டி மேடாக்கிய பிறகு பெரும்பகுதி உடனே பக்கத்து வயலில் இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சம்பாவும் தாளடியும் இளம்பயிராக நிற்கும். முழுதாக மூழ்கினால் சாதாரண ரகம் ஒரு வாரத்துக்கு மேல் தாங்குவது அரிது. வெள்ளம் தாங்கவென்றே வந்த சிஆர் 1009 சப்-1 ரகத்துக்கே இரண்டு வாரம்தான் கணக்கு. வீடு கட்டாமல் கிடக்கும் மனைகளில் சீமைக்கருவேல் மண்டி, எலி பெருகி, வரப்பைத் துளைப்பது தனி.

ஆகவே, நஞ்சை மனைப்பிரிவு விண்ணப்பம் வந்ததும் கிராம நிர்வாக அலுவலர், நில அளவர், நீர்வளத் துறை உதவிப் பொறியாளர், வேளாண் அலுவலர் ஆகியோர் கூட்டாகத் தணிக்கை செய்ய உத்தரவிட வேண்டுகிறோம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறந்திருக்கும் ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரையான நாட்களில், தண்ணீர் ஓடும்போதே அது நடக்க வேண்டும். கீழ்வயல்காரர்களுக்கு எழுத்தில் அறிவிப்பு கொடுத்து, அவர்களையும் உடன் வைத்துக்கொண்டு வாமடை, வாய்க்கால், வடிகால் ஒவ்வொன்றின் அகலத்தையும் தரைமட்டத்தையும் அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

மனைச் சாலையை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுப்பதுபோல வாய்க்கால் பாதையையும், தூர்வார ஓர் ஓரம் நடைகரையோடு, எழுதி வாங்க வேண்டும். சாலை குறுக்கிடும் இடத்தில் குழாய் வேண்டாம். வாய்க்காலின் முழு அகலத்துக்கும், அதன் தரைமட்டத்திலேயே பெட்டிப் பாலம் கட்டச் சொல்ல வேண்டும். மனைக்குள் விழும் மழைநீர் வயலில் இறங்காமல் தனி வடிகால் வழியே பொது வடிகாலில் சேர வேண்டும். இவ்வளவும் முடிந்ததை நேரில் பார்த்த பிறகே இறுதி அனுமதி தர வேண்டும்.

ஏற்கெனவே போட்ட மனைப்பிரிவுகளில் அடைபட்ட வாய்க்கால், வடிகால்களை அடுத்த பருவமழைக்கு முன் கணக்கெடுத்துத் திறந்துவிட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடைமடைப் பாசன விவசாயிகள்