பூட்டிய மலைக்குப் பணம் வாங்கிய சுற்றுலா நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தாய்லாந்து, லோய் மாகாணச் சுற்றுலா – சேவைக் குறைபாடு – கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக

ஐயா,

வணக்கம். உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பும் செய்திகளுக்கு நீல டிக் விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. போன் செய்தால் புக்கிங் பிரிவைக் கேட்கச் சொல்கிறார்கள். புக்கிங் பிரிவு ஆபரேஷன்ஸைக் கை காட்டுகிறது. ஆபரேஷன்ஸ்காரர் பாங்காக்கில் இருக்கிறாராம், அவர் போனை எடுத்தால் திரும்பவும் சென்னை அலுவலகத்தையே கேட்கச் சொல்கிறார். இப்படி அலைக்கழிந்து அலுத்துப்போன பிறகுதான் எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

செப்டம்பர் கடைசி வாரம் மகனுக்குக் காலாண்டு விடுமுறை. எங்கள் 25-வது திருமண நாளும் அதே வாரத்தில் வந்தது. பட்டாயா, ஷாப்பிங் மால் எதுவும் வேண்டாம். காடு, பழைய கோயில், அந்த ஊர்ச் சாப்பாடு இருந்தால் போதும் என்று உங்கள் ஆளிடம் தெளிவாகச் சொல்லியிருந்தோம். "அப்படின்னா லோய்தான் சார் உங்களுக்கு" என்று பிடிஎஃப் அனுப்பினார். அட்டையில் பாறை நுனியில் ஒற்றைப் பைன் மரம், பின்னால் சூரியன் இறங்குகிறது. பூ கிரதுங் மலையின் பா லோம் சாக் பாறை அது. அதைப் பார்த்துத்தான் பணம் கட்டினோம்.

சரி, அந்த மலைக்கு வருவோம்.

பூ கிரதுங் தேசியப் பூங்கா ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை மூடியிருக்கும். மழையில் பாதை வழுக்கும், காட்டுக்கும் ஓய்வு வேண்டும் என்பதற்காகப் பூங்கா நிர்வாகமே மூடுகிறது. இது ஒன்றும் ரகசியம் இல்லை. 1962-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த மலை, அந்த நாட்டின் இரண்டாவது தேசியப் பூங்கா. வெள்ளியங்கிரிக்கு எந்த மாதத்தில் ஆள் விடுவார்கள் என்று கோவையில் ஆட்டோ ஓட்டுபவருக்குக்கூடத் தெரியும். பூ கிரதுங்கை விற்றுக் காசு பார்க்கும் உங்களுக்கு அது எப்போது திறக்கும் என்று தெரியாதா? தெரிந்தே விற்றீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மலைக்குப் போகும் நாளன்று சியாங் கானிலிருந்து வேனில் கிளம்பினோம். மாகாணத்தின் வட கோடியிலிருந்து தென் கோடிக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல். மகன் புது ஷூ போட்டிருந்தான். முட்டி வலிக்காரியான என் மனைவி இந்த மலைக்காகவே மாதக்கணக்கில் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நடந்து பழகியிருந்தாள். போய் இறங்கினால் கேட் பூட்டியிருக்கிறது. ஒரு காவலர் வந்து எங்களையும், வேனையும், நீங்கள் கொடுத்த வவுச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கக்கூட இல்லை, பாவம். அறிவிப்புப் பலகையில் இருந்த தேதியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பயணம் முழுவதிலும் எங்களுக்குக் கிடைத்த ஒரே வாடிக்கையாளர் சேவை அதுதான்.

அங்கிருந்தே உங்கள் அவசர உதவி எண்ணை அழைத்தேன். எடுத்தவர் பெயர் சொல்லவில்லை. அழைப்புப் பதிவு உங்களிடம் இருக்கும், போட்டுக் கேளுங்கள். "அங்கிள், மலை எங்கயும் ஓடிப் போயிடாது, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். நான் அங்கிள் இல்லை, காசு கொடுத்த வாடிக்கையாளர் என்றேன். "காடுதானே கேட்டீங்க, வேன்ல வர்ற வழியெல்லாம் காடுதானே" என்றார். அப்புறம் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை: "கிளம்புறதுக்கு முன்னாடி கூகுள் பண்ணிருக்கலாமே அங்கிள்." கூகுள் செய்து எல்லாவற்றையும் தெரிந்துகொள்வது என் வேலை என்றால், உங்களுக்கு எதற்கு ஐயா சர்வீஸ் சார்ஜ்?

இன்னொன்று. மலை திறந்திருந்தாலும் உங்கள் திட்டம் நடந்திருக்காது. பிடிஎஃப்பில் நீங்களே எழுதியது இது: "மதியம் 3 மணி – மலையேற்றம். மாலை – சூரிய அஸ்தமனம். இரவு உணவுக்கு ஹோட்டல் திரும்புதல்." அங்கே மதியம் 2 மணிக்கு மேல் யாரையும் ஏற விடுவதில்லை. செங்குத்தான ஏற்றமே ஐந்தரை கிலோமீட்டர். மேலே சேர்ந்த பிறகு சமவெளியில் முகாம் வரை மூன்றரை கிலோமீட்டர் போல நடக்க வேண்டும். முகாமிலிருந்து அந்தப் பைன் மரப் பாறைக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர். வண்டி கிடையாது. பைகளையே சுமைகாரர்கள் தோளில் தூக்கி, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். போகிறவர்கள் மேலே கூடாரத்தில் தங்கித்தான் வருகிறார்கள். இதை எழுதியவர் அந்த மலையைப் படத்திலாவது பார்த்திருக்கிறாரா?

கோபத்தில் வரிசை மாறிவிட்டது, பரவாயில்லை. கடைசி நாளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வேன் வேறு ஏதோ குழுவை ஏற்றப் போய்விட்டதால் லோய் விமான நிலையத்துக்குத் தாமதமாகச் சேர்ந்தோம், விமானம் போய்விட்டது. அழைத்தால் எடுத்தது அதே ஆள். குரலை மறக்க முடியுமா? "டென்ஷன் ஆகாதீங்க அங்கிள், ட்ரெயின் புடிச்சு பாங்காக் போயிடுங்க" என்றார். லோய் மாகாணத்தில் ரயில் பாதையே கிடையாது ஐயா! ரயில் ஏற வேண்டுமென்றால் பக்கத்து மாகாணமான உதோன் தானிக்குப் போக வேண்டும். கடைசியில் பஸ் நிலையத்தில் இருந்த ஒரு தாய் அம்மா கால்குலேட்டரில் டிக்கெட் விலையைத் தட்டிக் காட்டி எங்களுக்கு இரவுப் பேருந்து பிடித்துக் கொடுத்தார். 500 கிலோமீட்டருக்கு மேல் உட்கார்ந்தபடியே வந்தோம். அந்த டிக்கெட்டுகளின் படங்களை மின்னஞ்சலில் இணைத்திருக்கிறேன்.

அடுத்தது கோயில். இதைத்தான் என் மனைவி மன்னிக்கவே மாட்டேன் என்கிறாள். லோய் மாகாணத்திலேயே டான் சாய் என்ற ஊரில் ப்ரா தாட் சி சோங் ரக் என்ற தூபி இருக்கிறது. தாய்லாந்துப் பக்கத்து அயுத்தயா அரசரும் லாவோஸ் பக்கத்து லான் சாங் அரசரும் இனி போர் வேண்டாம் என்று நட்புக்குச் சாட்சியாக 1560-இல் தொடங்கி 1563-இல் கட்டி முடித்தது. சிவப்பு ரத்தத்தின் நிறம் என்பதால் அங்கே சிவப்பு உடையோடு யாரும் மேலே போகக் கூடாது. அந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அன்றுதான் எங்கள் திருமண நாள். என் மனைவி கட்டியிருந்தது அரக்குச் சிவப்புப் பட்டு, கல்யாணப் புடவை. காலையில் ஹோட்டல் வாசலில் உங்கள் வழிகாட்டி அவளைப் பார்த்து "சூப்பர் மேடம்" என்று போட்டோ வேறு எடுத்தார். படிக்கட்டு அடியில் ஒரு பெரியவர் கைகூப்பி நிறுத்தினார். கோபமாகப் பேசவில்லை, பலகையைக் காட்டினார், அவ்வளவுதான். நானும் மகனும் மேலே போய் வந்தோம். அவள் கீழே மர நிழலில் உட்கார்ந்திருந்தாள். 25 வருடம் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிய புடவை. இதற்கு என்ன விலை போடுவீர்கள்? உங்கள் வழிகாட்டியை விசாரித்தால் அவர் வழக்கமாகப் பட்டாயா குழுக்களோடு போகிறவராம், லோய்க்கு அவருக்கும் அதுதான் முதல் தடவையாம்!

பிடிஎஃப்பில் டான் சாயில் நடக்கும் பீ தா கோன் திருவிழாவின் முகமூடிக்காரர்கள் படமும் இருந்தது. அந்தத் திருவிழா ஜூன், ஜூலை வாக்கில் நடப்பது. நாளைக் குறிப்பதே அந்த ஊர்ச் சாமியாடிதான். செப்டம்பரில் நாங்கள் பார்த்தது வாட் போன் சாய் கோயில் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகமூடிகளை. அதைக்கூட விட்டுவிடுகிறேன்.

சாப்பாட்டை விட முடியாது. "உள்ளூர் உணவு" என்று எழுதிவிட்டு, வேளாவேளைக்கு அலுமினிய டப்பாவில் சப்பாத்தியும் ஆலு மட்டரும் கொடுத்தீர்கள். ஊரில் கிடைக்காததையா கேட்டோம்? சியாங் கான் ஆற்றங்கரைச் சாலையில் பழைய மரவீடுகளுக்கு முன்னால் சாயங்காலம் கடை போடுகிறார்கள். டப்பாக்களை ஹோட்டலிலேயே வைத்துவிட்டு எங்கள் காசில் அங்கே போனோம். துள்ளும் இறால் என்று ஒன்று: மூடியைத் திறந்ததும் பொடி இறால்கள் எலுமிச்சையும் மிளகாயும் தெறிக்க மேசையில் துள்ளி விழுகின்றன. மகன் அலறிவிட்டுச் சாப்பிட்டான். இளந்தேங்காயைச் சீவிச் சர்க்கரையில் கிண்டிய மிட்டாய் அந்த ஊர்ச் சரக்கு. வாயில் போட்டால் ஓலைபோல மெல்லிசாக மடிகிறது. அந்தப் பயணத்தில் நன்றாக இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான், அதில் உங்கள் பங்கு எதுவும் இல்லை.

சியாங் கானில் புத்தத் துறவிகளுக்கு ஒட்டரிசிச் சோறு இடும் நிகழ்ச்சியையும் நீங்கள் விற்றீர்கள், "காலை 9 மணி" என்று. அது விடிந்தும் விடியாத நேரத்தில் நடப்பது. 9 மணிக்குத் தெருவில் கழுவிவிட்ட தண்ணீர்தான் இருந்தது.

நீங்கள் நல்ல நிறுவனம் என்று நம்பித்தான் வந்தேன். இன்னும் பேசித் தீர்த்துக்கொள்ளவே விரும்புகிறேன். கேட்பது இவ்வளவுதான்: கட்டிய முழுத் தொகை, பேருந்துச் செலவு, தவறிய விமானத்தின் டிக்கெட் பணம், குடும்பத்துக்கு ஏற்பட்ட மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் ரூபாய். அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்புவதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதியான தூக்கம் இல்லை, என் ரத்த அழுத்த மாத்திரையின் அளவு கூடியிருக்கிறது. இதற்கெல்லாம் உங்கள் நிறுவனமே பொறுப்பு.

பதினைந்து நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் கோவையிலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டியது நீங்கள்தான். நான் கட்டிய தொகைக்கு நீதிமன்றக் கட்டணமும் கிடையாது. அந்த நிலைக்குத் தள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பதில் மேலாளரிடமிருந்து வரட்டும். என்னை அங்கிள் என்று கூப்பிட்ட அந்தத் தம்பி மட்டும் தயவுசெய்து போன் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
கோயம்புத்தூர் வாடிக்கையாளர்

பி.கு.: இதை அனுப்பும் முன் உங்கள் தளத்தைப் பார்த்தேன். வரும் ஆகஸ்ட் மாதத் தேதிகளுக்கும் அதே பூ கிரதுங் மலையேற்றம் "சில இடங்களே மீதம்" என்று விற்பனையில் இருக்கிறது. முதலில் அதை எடுங்கள்.